பிடித்தம்

ஞாயிறு மட்டும்தான் என் கடையில் கூட்டம்.
பேரணாம்பட்டு பஜார், மருந்துக்கடை மாடி.
இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு மின்விசிறி.
(அது பிரிண்டருக்கு.)
மற்ற ஆறு நாளும் இந்தப் பெண்கள்
விடியுமுன் கம்பெனி பஸ்ஸில் ஏறி
ஆம்பூர்ப் பக்கம் போய்விடுவார்கள்.

இன்றைக்கு முதல் ஆள் நவநீதம்.
பாலிதீன் பையில் ஆதார், பான், பாஸ்புக்,
மேலே ரப்பர் பேண்டு இரண்டு சுற்று.
பி.எஃப். பணம் எடுக்கணும்.
குடியாத்தத்தில் பழைய மொபெட் ஒன்று
விலைக்கு வருகிறதாம், பதினெட்டாயிரம்.
"பஸ்ஸ நம்பி எத்தினி நாளுங்க.
அஞ்சு நிமிஷம் லேட்டுனா அரை நாள் போச்சு."

இது மூன்றாம் தடவை.
முதல் தடவை எழுத்தால் திரும்பியது:
ஆதாரில் நவநீதத்துக்கு இரண்டு ஈ,
கம்பெனிக் கணக்கில் ஒற்றை ஐ.
அடுத்த தடவை தகப்பனால்.
அப்பா பெயர் கேட்ட கட்டத்தில்
எவனோ புருஷன் பெயரை அடித்திருந்தான்.
"ரெண்டு பேரும் செத்துட்டாங்க.
யார் பேரு இருந்தா என்னாங்க?"
அந்தக் கேள்வியை நிரப்ப அங்கே கட்டம் இல்லை.

உள்ளே போனால்
ஒரே ஆளுக்கு மூன்று கணக்கு.
நாலு வருஷம் ஏழு மாதம்.
ஒரு மாதம் காலி.
நாலு வருஷம் ஆறு மாதம்.
ஒரு மாதம் காலி.
மறுபடி நாலு வருஷம் ஏழு.

"காலி எங்கீங்க? அந்த மாசமும் அதே டேபிள்தான்.
சம்பளம் மட்டும் கவர்ல குடுப்பாங்க.
அடுத்த மாசம் புது கார்டு. நான் புது ஆளு."

காகிதத்தில் கூட்டிப் பார்த்தேன்.
பதிமூன்று வருஷம் எட்டு மாதம்.
அதற்குள் எங்குமே இல்லை
ஓர் ஐந்து வருஷம்.
ஐந்து இருந்தால் கிராஜுவிட்டி.
ஐந்து இல்லாவிட்டால்
எடுக்கிற பணத்திலும் வரி பிடிப்பார்கள்.
சட்டம் ஒரு கோடு போட்டது.
கோட்டை மிதிக்காமல் பாண்டியாட
கம்பெனிக்குத் தெரிந்திருக்கிறது.
எறிகிற சில்லு இவள்.

வரி பிடிக்காமலிருக்க ஒரு படிவம் உண்டு.
வரி கட்டுமளவு எனக்கு வருமானம் இல்லை
என்று உறுதி சொல்ல வேண்டும்.
இதுவரை எதற்கெல்லாமோ தயங்கியவள்
அதில் சட்டென்று கையெழுத்துப் போட்டாள்.

பான் அட்டையைத் தேடும்போது
பையிலிருந்து செருப்புக்கடை ரசீது விழுந்தது.
விலைக்குக் கீழே
மத்திய வரிக்கு ஒரு வரி, மாநில வரிக்கு ஒரு வரி.
ஒரு நாளைக்கு நானூறு ஜோடி ஷூவுக்கு
அடித்தோல் ஒட்டுகிறாள்.
அவை கப்பலேறும்போது வரி கிடையாது.
ஏற்றுமதி.
இவள் ஏற்றுமதி ஆகிறவள் இல்லை,
மாடிப்படியில் கழற்றி வைத்த
இவள் செருப்புக்கு உண்டு.

எல்லாம் நிரப்பி அனுப்பினால்
ஓ.டி.பி. வேறு யாருக்கோ போனது.
கடைசியில் நான்கு ஏழு. யார் நம்பர்?
"அது சூப்பர்வைசர் அண்ணனுதுங்க. சேர்றப்ப எனக்கு போனு ஏது?"
அவர் இப்போது ராணிப்பேட்டையில், வேறு கம்பெனி.
ஞாயிறும் ஓவர்டைம் போல.
மெஷின் சத்தத்தில் எண்களைக் கத்தினார்.
நவநீதம் காதைப் பொத்திக்கொண்டு திருப்பிச் சொன்னாள்.
ஆறு, இரண்டு, இரண்டு... "எட்டா, ஏழாண்ணே?"
எட்டு என்று அடித்தேன்.
தவறு.
ஏழு என்று அடிப்பதற்குள்
நேரம் முடிந்தது, மீண்டும் நுழையவும் என்றது திரை.
அதற்கப்புறம் கரண்டும் போனது.

"அடுத்த ஞாயித்துக்கெழம வர்றேங்க."
ரப்பர் பேண்டை இரண்டு சுற்றுச் சுற்றினாள்.
முந்தானை முடிச்சிலிருந்து நூறு ரூபாய் எடுத்து
மேசையில் வைத்தாள்.
வேலை முடியவில்லையே என்றேன்.
"உங்களுக்கும் வாடகை இருக்குல்ல."

ஐம்பது திருப்பிக் கொடுத்தேன்.
ஐம்பது பிடித்துக்கொண்டேன்.