அடைப்புக்குறிக்குள் திற

இரவு ஒன்றே முக்காலுக்கு
ஐம்பது இணைப்புகளும் தீர்ந்துபோயின.
ஐம்பத்தோராவது ஆள்
எங்கோ ஒரு பணப்பொறியின் முன்னால்
அட்டையைச் செருகிவிட்டு நிற்கிறார்.
திரையில் வட்டம் சுற்றுகிறது.

கொம்பனித்தெருவில் ஒன்பதாம் மாடி.
கீழே பேரை வாவி
கரையின் விளக்குகளை நீட்டி நீட்டிப் பார்க்கிறது.
மேலே நானும் தினூஷவும்
ஆறிப்போன கொத்து ரொட்டியும்.

யாரும் திருடவில்லை, யாரும் உடைக்கவில்லை.
திறந்தவர்கள் மூடவில்லை,
அவ்வளவுதான்.

நிரலில் மூடும் வரி இருக்கத்தான் செய்தது,
கடைசி வரியாக, ஒழுங்காக.
அதற்கு நாலு வரி மேலே
கணக்கிலக்கம் வெற்றாக வந்தால்
விதிவிலக்கு ஒன்று எறியப்படும்.
ஓட்டம் அங்கிருந்தே எகிறி
வெளியே பாய்ந்துவிடும்.
கீழே மூடும் வரி
இரயில் நிற்காத ஸ்டேஷன் மாதிரி
விளக்கெரித்துக் கிடக்கும்.

எழுதியது யாரென்று தேடினோம்.
போன வருடம், ஒரு வெள்ளிக்கிழமை,
மாலை ஐந்து ஐம்பது.
என் பெயர்.
தினூஷ சிரிக்கவில்லை.
சிரித்திருக்கலாம்.

திருத்தம் சின்னது.
ட்ரை என்ற சொல்லை ஒட்டி ஓர் அடைப்புக்குறி;
திறப்பதை அதற்குள் திற.
பிறகு மூடுவது உன் ஞாபகத்தின் பாடு அல்ல.
வேலை முடிந்தாலும் மூடும்,
பாதியில் உடைந்தாலும் மூடும்,
நடுவில் ரிட்டர்ன் சொல்லி நீ எழுந்துபோனாலும்
உன் பின்னால் வந்து மூடும்.
கடைசியாகத் திறந்தது முதலில்:
விடை, பிறகு வினவல், பிறகு இணைப்பு.
சட்டையைக் கழற்றாமல்
பனியனைக் கழற்றுவது எப்படி?

ஒன்று மட்டும் எனக்கு எப்போதும் விசித்திரம்.
மூடும் நேரத்தில் இன்னொரு பிழை எழுந்தால்
அது முதல் பிழையைத் தள்ளிவிட்டு முன்னுக்கு வராது.
அதன் முதுகில் ஏறி
பேசாமல் உட்கார்ந்திருக்கும்.
கேட்டால்தான் சொல்லும்.

நாலரைக்கு மறுதொடக்கம்.
பயன்பாட்டில்: சைபர்.
பிறகு ஏழு. ஐந்து. ஒன்பது. மறுபடி ஐந்து.
போனவையெல்லாம் திரும்பி வந்துகொண்டிருந்தன.

ஓட்டோவில் வெள்ளவத்தைக்கு வந்தால்
படியில் தண்ணீர்.
மூன்றாம் மாடியிலிருந்து இரண்டாம் மாடிக்கு
ஒவ்வொரு படியாக,
அவசரமே இல்லாமல்.

நேற்றுப் பின்னேரம் நீர்வெட்டு.
குளிக்கப்போய்ப் பைப்பைத் திருகினேன்,
காற்று இரண்டுதரம் இருமியது.
அந்நேரம் பார்த்து ஃபோன்: ‘சிஸ்டம் இழுக்குது, உடனே வா.’
துவாயை எறிந்துவிட்டுப் பாய்ந்தவள்
மூடும் வரிக்கு வந்து சேரவேயில்லை.

இரண்டாம் மாடி சஹாப்தீன்
சாரத்தை முழங்காலுக்கு மடித்துக் கட்டி
துடைப்பத்தோடு நின்றார்.
“மகள், கட்டிலெல்லாம் நனஞ்சி போச்சி.”
சீலிங்கைச் சொன்னார்.
போன வருடத்து ஒழுக்கைச் சொன்னார்.
படித்த பிள்ளைகள் என்றார்.
நான் மூன்றுதரம் மன்னிப்புக் கேட்டேன்,
நாலாவதற்குச் சொல் வரவில்லை.
ஏனென்று தெரியாது,
“வேற ஏதும் கரைச்சலா?” என்றேன்.

துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார்.
அது சரிந்து விழுந்தது. எடுக்கவில்லை.
“தம்பிய ஐ.சி.யூ.ல போட்டிருக்கி.
மூணு மணிக்குத்தான் வந்தன்,
கொஞ்சம் சாயலாம் எண்டு.”

மேலே ஓடிப் பைப்பை மூடினேன்.
மூடிய பிறகும் இறுக்கினேன்.
கட்டிலிலிருந்து என் மெத்தையை உருவி
படியில் இறக்கினேன்.
பையில் ஃபோன் அதிர்ந்தது; தினூஷவாக இருக்கும்,
ஆறு என்றோ எட்டு என்றோ.
திருப்பத்தில் மெத்தை சிக்கிக்கொண்டது.
அவர் கீழேயிருந்து இழுக்க
நான் மேலேயிருந்து தள்ள
அது இன்னும் வளைந்துகொண்டிருக்கிறது.