தள்ளுபடி

வெள்ளிக்கிழமை எங்களுக்கு விடுமுறை இல்லை.
அன்றுதான் அவர்களுக்கு விடுமுறை.
ரூவியில் சலவைக்கடைக்கு மேல் மாடி,
இரண்டு அறை, ஒரு ஏசி,
அதுவும் யாரோ புண்ணியவான் கொடுத்தது,
அணைத்த பிறகும் அரைமணி நேரம் சொட்டும்.
கீழிருந்து இஸ்திரி ஆவி ஏறிவர
ஒன்பது மணிக்கே படிக்கட்டெல்லாம் செருப்பு.

உட்கார்ந்ததும் பாஸ்போர்ட்டை எடுத்து வைப்பார்கள்.
கையில் இல்லாதவர்கள் அதன் நகலை,
மடித்து மடித்து நான்காய்க் கிழிந்ததை.
யாரும் கேட்கவில்லை.
கடன் என்றால் முதலில் அதைக் கொடுக்க வேண்டுமென்று
எங்கோ யாரோ பழக்கியிருக்கிறார்கள்.
இரண்டு விரலால் தள்ளி
மேசையின் அந்தப் பக்கம் வைக்கிறேன்.
இந்தப் பக்கம் வருகிறது.
மறுபடி தள்ளுகிறேன்.
அங்கே உனக்கு என்ன வேலை என்று
போனில் மனைவி கேட்கும்போது
இதைத்தான் சொல்லியிருக்க வேண்டும்.
கணக்கு எழுதுகிறேன் என்றேன்.

வேடசந்தூர் பக்கம் ஆறு வருடம்
குழுக்கடன் வசூலித்தவன் நான்.
காலை ஏழு மணிக்கு வாசலில் நின்று
பால் ஊற்றிய காசை அவள் எண்ணி முடிக்கும்வரை
பைக்கை அணைக்காமல் உறுமவிட்டவன்.
அந்தப் படிவத்திலும் பெயர், தொகை, தவணை.
இதிலும் பெயர், தொகை, தவணை.
வட்டி என்ற கட்டம் மட்டும் இல்லை.
அந்த இடம் வந்ததும் பேனா
இப்போதும் ஒரு நொடி நிற்கும்,
பல் விழுந்த குழியை நாக்கு தேடுவதுபோல.

தில் பகதூருக்கு நூற்றிருபது ரியால்,
ஏஜெண்டு கடனை அடைக்க.
வரலட்சுமிக்கு எண்பது,
கடப்பாவில் மகளின் நர்சிங் ஃபீஸ்.
கோட்டைச்சாமி கேட்டது இருநூறு.
பெட்டியில் மிச்சம் அறுபத்திரண்டு.
அடுத்த வெள்ளி என்றார் ஷம்ஸா மேடம்,
தன் ஓய்வூதியத்தில் பாதியை
மாதாமாதம் இந்தப் பெட்டிக்குள் போடுகிறவர்.
அது மூன்றாவது அடுத்த வெள்ளி.
கோட்டைச்சாமி கத்தியிருக்கலாம்.
"இல்லாததுக்கு நீங்க என்ன சார் செய்வீங்க"
என்று என்னைத் தேற்றிவிட்டு
செருப்பைத் தேடி இறங்கிப் போனார்.
ஹம்ரியாவில் பத்து வட்டிக்காரனும்
வெள்ளிக்கிழமை திறந்திருப்பான்.
அவனிடம் பணம் இல்லாமல் போனதே கிடையாது.

நன்கொடையாளர்கள் வந்த அன்று
பிஜோய் திரையில் காட்டினான்:
நூற்றுக்குத் தொண்ணூற்றேழு திரும்பி வந்திருக்கிறது.
கைதட்டினார்கள், பேரீச்சம்பழம் சாப்பிட்டார்கள்.
மிச்ச மூன்று என் நோட்டில் கடைசிப் பக்கம்.
ஒருவன் சோஹாரில் சாரத்திலிருந்து விழுந்தான்.
அவன் தம்பி எழுதியிருந்தான்,
ஆடு விற்றதும் அனுப்புகிறேன் என்று.
வேண்டாம் என்று பதில் போட்டோம்.
ஒருத்தி வேலைவீட்டிலிருந்து இரவோடு ஓடிப்போனாள்,
எங்கே என்று நாங்கள் விசாரிக்கவில்லை.
ஒருவன் சும்மாவே ஏமாற்றினான்,
இன்னமும் ரீல்ஸில் ஆடிக்கொண்டிருக்கிறான்.
நன்றாகவே ஆடுகிறான்.

இரண்டு மாதமாய் எங்களுக்குச் சம்பளம் இல்லை.
மேடம் சொல்லும்போது எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை,
ஏசியைப் பார்த்தார்.
ஊழியர்களுக்குக் கடன் கிடையாது என்பது விதி.
விதிகளைத் தட்டச்சு செய்தவன் நான்.
பையனுக்குப் பள்ளியில் கெடு வைத்த திங்கட்கிழமை
ஹம்ரியாவில் அந்தப் படி ஏறினேன்.
பெஞ்சில் கோட்டைச்சாமி.
ஒன்றும் கேட்கவில்லை,
நகர்ந்து இடம் கொடுத்தார்.
பெயர் கூப்பிட்டதும் ஒவ்வொருவராய்ப் போய்
பாஸ்போர்ட்டை மேசைமேல் வைத்தோம்.
அது அங்கேயே இருந்தது.

இந்த வெள்ளி முதலில் வந்தவன் சிறுவன்,
இருபதுகூட இருக்காது, சிட்டகாங்.
வைத்தான். தள்ளினேன்.
"உள்ளே வை. யார் கேட்டாலும் கொடுக்காதே"
என்றேன் எனக்குத் தெரிந்த இந்தியில்.
கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது,
அடுத்த அறையிலிருந்து பிஜோய்
எட்டிப் பார்த்தான்.