கோது வாங்கவில்லை

ஒரு லட்சத்து இருபதாயிரம்.
அதற்கு மேல் ஒரு சதமும் இல்லையென்று
கொப்பியின் கடைசித் தாளில் எழுதி
அடியில் இரண்டு கோடு போட்டேன்.

மகாபொல பதினொரு மாதம், ஐம்பத்தையாயிரம்.
கச்சான் விற்ற காசு இருபத்தையாயிரம்.
மிச்சம் நாற்பதும் அண்ணன் பகீரதன்
முரசுமோட்டை வயல்களில்
அறுவடை மெசினுக்குப் பின்னால்
இரவிரவாய் மூட்டை கட்டி அனுப்பியது.
கூடவே ஒரு வரி:
'கேம் விளையாட எண்டு சொல்லிப்போடாதை.'

நான் சொல்லவில்லை.
ஆனால் பட்டியலின் முதல் வரியில்
கிராபிக்ஸ் கார்ட்தான் இருந்தது.

மூன்று கிழமை அந்தத் தாளோடு படுத்தெழும்பினேன்.
புரோசசரை ஒரு படி ஏற்றினால்
மதர்போட் மாற வேண்டும்.
மதர்போட் மாறினால் ராம் பாதியாகும்.
ராமைப் பிடித்து நிறுத்தினால்
பவர் சப்ளைக்கு ஒன்றும் மிஞ்சாது.
இரணைமடு வாய்க்காலின் கடைசி வயல் அது.
மேல் வயல்காரர் குடித்து முடிய
ஈரம் மட்டும் வரும்.

அறிவியல் நகர் கன்ரீனில், தேத்தண்ணி ஆற,
எழில்நிலா தாளை வாங்கிப் பார்த்தாள்.
'எண்ணுக்குப் பின்னால ஜி இருக்கிறதா எடு.
படமும் அதுவே காட்டும், கார்ட் தேவையில்லை.'
ஓரெழுத்து.
ஓரெழுத்து அறுபதாயிரத்தை மிச்சம் பிடிக்குமென்று
எந்த இலக்கணத்திலும் நான் படித்ததில்லை.
முதல் வரியை வெட்டினேன்.
பேனை கொஞ்சம் அழுந்திவிட்டது,
மறுபக்கத்திலும் அந்தக் கோடு தெரிகிறது.

கரடிப்போக்குச் சந்திக் கடையில் நிரோஜன்
இரண்டு பவர் சப்ளையை மேசையில் வைத்தான்.
ஒட்டியிருந்த தாளில் இரண்டும் ஐந்நூற்றைம்பது வாட்.
ஒன்று ஐயாயிரம்,
மற்றது பதினெட்டாயிரத்து ஐந்நூறு.
ஒவ்வொன்றாய்த் தூக்கிப் பார்த்தேன்.
முதலாவது பதர்.
தூற்றினால் காற்றோடு போய்விடும்.
மற்றதை மணிக்கட்டுக்குத் தெரிந்தது.

'கார்ட் போடாட்டி இது காணும்' என்றான்,
ஐயாயிரத்தைத் தொட்டுக் காட்டி.
நல்ல பெடியன், விலை கூடியதைத் தலையில் கட்டவில்லை.
'தருமபுரம். பக்கத்து வளவில மோட்டர் போட்டா
எங்கட லைற் கண் மூடித் திறக்கும்' என்றேன்.
அவன் விசுவமடு.
வேறு ஒன்றும் கேட்காமல்
பாரமானதைப் பெட்டியில் வைத்தான்.

ஒருவர் பாவித்த புரோசசர், புது போட்,
எட்டு எட்டாய் ராம் இரண்டு,
மூலையில் கீறல் விழுந்த மொனிற்றர்.
எல்லாம் போகக் கையில் முன்னூறு ரூபா.
கேசிங் பதினோராயிரம்.

'கோதில்லாமலோ குடுத்து விட்டவன்?'
அப்பா கேசிங்கைக் கோது என்கிறார்.
இங்கே வளவு கொத்தும்போது
அந்தப் பெயரில் வேறொன்று வரும்,
பச்சை பிடித்த பித்தளையாய்.
நான் மறுமொழி சொல்லவில்லை.
அவரும் கேள்வியைத் திருப்பிக் கேட்கவில்லை.
வீட்டுத்திட்டக் கதவில் மிஞ்சிய பலகையைக் கொண்டுவந்து போட்டார்.
நான் அளந்து புள்ளி வைத்தேன்,
ஒன்பது துளை.

கோதில்லாத மெசினுக்கு
ஆளியும் இல்லை.
திருப்புளி நுனியால்
இரண்டு ஊசிகளை ஒருகணம் தொடவைக்க வேண்டும்.
முதல்தரம் கை நடுங்கி வேறெதையோ தொட்டேன்.
இரண்டாம் தரம்
காற்றாடி சுற்றியது.

ஆறரைக்குப் பக்கத்து வளவில் மோட்டர் போட்டார்கள்.
லைற் கண்ணை மூடியது.
பலகையில் எதுவும் அசையவில்லை.

போட்டில் நீள இடுக்கொன்று வெறுமையாய்க் கிடக்கிறது.
தூசி போகாமல் டேப் ஒட்டிவிட்டு
அண்ணனுக்கு எழுதினேன்:
'கேம் விளையாடவும்தான். ஆனா இப்ப இல்லை.'

நடுச்சாமம் தாண்டிப் பதில் வந்தது,
வயலிலிருந்துதான் இருக்கும்.
'என்ன கேம்?'