எச்சம்

மண்டபம் வடக்குத் துறை,
இருநூற்றுப் பன்னிரண்டு படகுகள்.
ஒன்றை மட்டும் நீக்கினேன்.
நூற்று நாற்பத்து மூன்றாம் வரி:
டீசல் நானூறு லிட்டர், ஆள் ஐந்து,
மீன் பூஜ்யம்.
கோட்டுக்கு வெகு கீழே
தனியாகக் கிடந்தது அந்தப் புள்ளி.

எடுத்ததும் ரிக்ரஷன் நிமிர்ந்துகொண்டது.
கட்டுரை அச்சானது.
இணைப் பேராசிரியர், பேராசிரியர்,
பிறகு துறைத்தலைவர் அறை, அதன் ஏ.சி.
கோடு விளக்காமல் விட்டதுதான் எச்சம் என்று
இருபத்தாறு வருஷம் கரும்பலகையில் எழுதினேன்.

நேற்று நண்டு வாங்கக் குனிந்தபோது
லூர்து சூசை கேட்டார்:
"டீச்சர், அந்த மாசம் எங்க போட்டை
அக்கரையில பிடிச்சு வச்சிருந்தாங்களே,
அதையும் எழுதிக்கிட்டீங்கல்ல?"

எழுதினேன் என்றேன்.
பொய்யில்லை.

கால் கட்டாத நண்டொன்று
பஸ் ஏறும்வரை
பைக்குள் கீறிக்கொண்டே வந்தது.