எண்பத்திரண்டாம் மீட்டர்

வரைபடத்தில் அது தளம் பதினான்கு.
ஊர்க்காரர் வாயில் ஆண்ட்ரானுசீரா.
ரானு என்றால் தண்ணீர்.
சீரா என்றால் என்ன என்று யாரும் கேட்கவில்லை,
நானும் சொல்லவில்லை.
துளைபொறி ஓட்டுகிறவனுக்குக்
கூலி மீட்டர் கணக்கில்.

மடகாஸ்கரின் தெற்கு; மூன்று வருடம் மழை இல்லை.
கள்ளிப்பழத்தை மணலில் புரட்டி முள் தேய்த்துத்
தின்கிற பிள்ளைகளுக்கு உதடெல்லாம் சிவப்பு.
வந்த புதிதில் அதை இரத்தம் என்றே நினைத்தேன்.
மிஷன் லாரி வியாழன்தோறும் வரும்.
வீட்டுக்கு இரண்டு வாளி.
லாரி பழுதானால்
அடுத்த வியாழன்.

சிஸ்டர் இங்குன் நார்வேக்காரர்.
பதினொரு வருடமாக இங்கே பிரசவம் பார்க்கிறார்,
புண் கழுவுகிறார்,
இறந்த குழந்தையைத் துணியில் சுற்றும்போது
தாய்க்குக் கேட்காமல் மூக்கைச் சிந்துகிறார்.
ஜெபிக்கும்போது மட்டும் அவருக்கு ஊர்மொழி தடுமாறும்.
"அவருக்கு இலக்கணம் தேவையில்லை, சிஸ்டர்"
என்பார் போதகர் எஃப்ராயிமா.

இந்தக் கிணற்றுக்கான பணம்
பனிக்குள் கிடக்கும் ஒரு சின்னச் சபை
கேக் விற்று, காலுறை பின்னி விற்றுச் சேர்த்தது.
கல்வெட்டு கிணற்றுக்கு முன்பே வந்துவிட்டது:
சபையின் பெயர், வருடம், தாகம் பற்றி ஒரு வசனம்.

முப்பதில் களிமண்.
ஐம்பத்தைந்தில் பாறை; இரண்டு முனை உடைந்தது.
எழுபதில் டீசல் தீர்ந்து நான்கு நாள் சும்மா இருந்தோம்.
எண்பத்திரண்டில்
குழாய் ஒருமுறை இருமி,
சேறு துப்பி,
பிறகு தெளிந்து வந்தது.

பெண்கள் குலவையிட்டார்கள்.
எஃப்ராயிமா தொப்பியைக் கழற்றினார்.
முதல் குவளை சிஸ்டருக்கு.
குடித்தார். ஒன்றும் சொல்லவில்லை.
இன்னொரு மிடறு குடித்தார்,
முதல் மிடறு பொய்யாக இருக்கட்டும் என்பதைப்போல.
பிறகு துளைக்குழாய் ஒன்றின்மேல் உட்கார்ந்து
காலணிக்குள் இருந்த மணலைத் தட்டினார்,
வெகுநேரம் தட்டினார்.

குலவை எந்த இடத்தில் நின்றது என்று
யாருக்கும் நினைவில்லை.

வுலாசுவா மட்டும் விரலை நனைத்து நாக்கில் வைத்தாள்.
பதினெட்டு கிலோமீட்டர் நடந்து வந்தவள்.
"கன்றுக்குட்டி குடிக்கும்" என்றாள்.
மஞ்சள் கேனை நிரப்பித் தலையில் ஏற்றினாள்.
அதில் கோபம் இல்லை. நன்றியும் இல்லை.

புகைப்படம் எடுக்கவேண்டும், அது ஒப்பந்தம்:
பீறிடும் நீர், அருகில் பிள்ளைகள்.
உப்பு படத்தில் விழாது.
என் கையில் போன் தயாராக இருந்தது.
சிஸ்டர் அதை வாங்கிப் பைக்குள் போட்டார்.

இரவு, விளக்கடியில்,
அறிக்கைப் படிவத்தில் பயனாளிகள் என்ற கட்டத்தில்
மாடுகள், நாற்பது என்று எழுதிவிட்டு
என்னைப் பார்த்தார்.
"உனக்குத் தெரியும்தானே, சீரா?"
தலையை அசைத்தேன்.
"எனக்கும் தெரியும்" என்றார்.
"பெயர் தவறாக இருக்கட்டும் என்று
ஒவ்வொரு மீட்டருக்கும் ஜெபித்தேன்.
நீ?"
நான் மீட்டர்களை எண்ணினேன், சிஸ்டர்.
அதைச் சொல்லவில்லை.

கல்வெட்டு இப்போது குப்புறக் கிடக்கிறது.
அதன்மேல் துணி துவைக்கிறார்கள்.
உப்புநீரில் சோப்பு நுரைக்காது;
ஆனாலும் அடிக்கிறார்கள்,
அடிக்கடி சிரிப்பும் கேட்கிறது.
நார்வேச் சபையிலிருந்து ஒரு கடிதம் வந்ததாம்.
சிஸ்டர் அதை யாருக்கும் வாசித்துக் காட்டவில்லை.
ஆனால் லாரி வியாழனோடு
செவ்வாயும் வருகிறது.

தளம் பதினைந்துக்கு நேற்று போனோம்.
பொறியை இறக்கும் முன்னால்
ஊர்ப்பெயரைக் கேட்டது நான்தான்.
ஆடு மேய்க்கிற ஒருவன் சொன்னான்.
சிஸ்டர் என் முகத்தைப் பார்த்தார்.
மொழிபெயர்த்தேன்:
காகம் காத்திருக்கும் இடம்.

எதற்காக என்பது
பெயரில் இல்லை.