எண்பத்தைந்து

ஆடி மாதம். கச்சான் காற்று
கன்னியாப் பக்கத்துப் புழுதியை அள்ளிவந்து
ஜன்னல் கம்பிகளில் தட்டுகிறது.
நடுச்சாமத்திலும் அறைக்குள் முப்பத்து நாலு பாகை.
ஏசி போன மாதம் இறந்துவிட்டது.
பக்கத் தகட்டைக் கழற்றிய கம்பியூட்டர்
வயிறு திறந்து மூச்சு வாங்குகிறது.

விடிய ஐந்தரைக்கு வான் வரும்.
மாப்பிள்ளையைக் கட்டுநாயக்காவில் ஏற்றப் போகிறவர்கள்
வழியில் பென்டிரைவை வாங்கிக்கொண்டு போவார்கள்.
அந்தக் கல்யாணம் வெந்து முடிய
ஐந்து மணி நாற்பது நிமிடம் வேண்டும்.
என்னிடம் இருப்பது ஐந்து.

பயோஸைத் திறந்தேன்.
பெருக்கி நாற்பத்திரண்டு.
நாற்பத்தெட்டு ஆக்கினால் கணக்குச் சரிவரும்.
ஐம்பது ஆக்கினால்
இன்னும் பன்னிரண்டு நிமிடம்
மேசையில் தலை வைக்கலாம்.
ஐம்பது ஆக்கினேன்.

கிண்ணியாவிலிருந்து நஸ்மி போனில் சொன்னான்
(கூலரை விற்றவன், கொட்டாவியோடு):
"எம்பத்தஞ்சுக்குக் கீழ இருந்தா விடியும்வரைக்கும் ஓடட்டும், சுகிர்தா.
தொண்ணூறுக்கு மேல போனா நீங்க முழிச்சிருக்கணும்.
நூறில நீங்க ஒண்டும் செய்யத் தேவல்ல,
அதுவே அடங்கிரும்."

எழுபது. எழுபத்தெட்டு.
தொண்ணூற்றொன்று.
இலக்கங்கள் பச்சையிலிருந்து மஞ்சளுக்கு,
மஞ்சளிலிருந்து குங்குமத்துக்கு.
வெளியே கோட்டைப் பக்கத்து மான்கள்
பூட்டிய கடைகளின் முன்னால்
காட்போட் மட்டைகளைத் தின்கின்றன.

எழுபத்தொரு சதவீதத்தில்
மாப்பிள்ளை தாலியோடு நின்றுவிட்டார்.
கை கழுத்தை நெருங்கவில்லை.
நாதஸ்வரக்காரரின் கன்னம் ஊதியபடி ஊதியபடி.
அட்சதை ஆகாயத்தில்.
தொண்ணூற்றொன்பது பாகை.
ஐம்பதில் ஓடச் சொன்னது
முப்பத்தொன்றில் ஊர்ந்துகொண்டிருந்தது.
கெட்டுப்போகவில்லை.
தன்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

அப்பா சீனக்குடா மாவாலையில்
இரட்டை ஷிப்ட் செய்தவர்.
அவருக்குள் இப்படி ஓர் அளவி
பொருத்தப்பட்டிருக்கவில்லை.
ஐம்பத்தி மூன்றில் நின்றார், ஒரேயடியாக.
காரியத்தன்று கன்னியாவில்
ஏழு கிணற்றிலும் வாளி போட்டு வார்த்தேன்.
ஏழும் ஏழு சூடு.
எது எத்தனை பாகை என்று
அன்றைக்கு யார் கேட்டார்கள்.

பெயின்ட் பிரஷால் கூலர் இதழ்களைத் துடைத்தேன்.
உப்பும் புழுதியும் சேர்ந்து
கருவாட்டுச் செதில்போல் உரிந்தது.
மேசை விசிறியைத் திறந்த வயிற்றுக்கு நேரே திருப்பினேன்;
என் முதுகு வேர்க்கட்டும்.
மென்பொருளில் பெருக்கியை நாற்பத்தாறுக்கு இறக்கினேன்.
மின்னழுத்தத்திலும் ஒரு சிட்டிகை குறைத்தேன்.

தொண்ணூறு.
எண்பத்தெட்டு.
எண்பத்தைந்து என்று வந்து குந்தியது.
அட்சதை விழுந்தது.
ஒரு முடிச்சு. இரண்டு.
மூன்றாவதை அக்கா முறையான ஒருத்தி போட்டாள்.

ஐந்தரைக்கு வான் ஹோர்ன் அடித்தபோது
தொண்ணூற்று நாலு சதவீதம்.
எல்லோரும் உள்ளே வந்துவிட்டார்கள்.
மாமி சதவீதத்தை வாய்விட்டு எண்ணினார்.
டிரைவர் ஹபரணையில் லொறி நெரிசல் என்றார்.
மாப்பிள்ளை ஜீன்ஸோடு நின்று
வேட்டி கட்டிய தன்னைப் பார்த்தார்,
பிறகு கைக்கடிகாரத்தை.

பெண்ணுக்கு விசா இன்னும் வரவில்லை.
ஒரு வருடமாகலாம், இரண்டாகலாம்.
கட்டுநாயக்கா மட்டும்தான் அவள் போகிறாள்.
அவள் பெட்டியின் பின்பக்கம் வந்து
சூடான காற்று வெளியேறும் இடத்தில்
உள்ளங்கையை விரித்தாள்.
"சுடுது" என்றாள்.
கையை எடுக்கவில்லை.

தொண்ணூற்றாறு சதவீதம். எண்பத்தைந்து பாகை.
யாரும் என்னைப் பார்க்கவில்லை.
இன்னொன்றைக் குறைத்தேன்.