ஒரு பக்கம் மட்டும்

கட்டபெட்டில் மூன்று நாளாக வெயில் இல்லை.
உள்ளங்கை அகலத்தில் ஒரு பலகை
அரிசி டிரம்முக்குப் பின்னால்
பச்சையாகக் கண்சிமிட்டுகிறது.
வீட்டிலேயே சூடான இடம் அதுதான் என்று
ரூபாவதி அதன் மேல் காலுறை காயப்போடுகிறாள்.
எடுத்தால் திரும்பப் போடுகிறாள்.

டெலிபோன் எக்ஸ்சேஞ்ச், என்றேன்.
எத்தனை போன், என்றாள்.
மூன்று.
அடுக்களைக்கு இருபத்தொன்று,
காளான் கொட்டகைக்கு இருபத்திரண்டு,
பள்ளத்துக்கு அந்தப் பக்கம்
பெள்ளிராஜின் கேரட் காட்டுக்கு இருபத்துமூன்று.
கொட்டகை, கூப்பிட்டால் கேட்கிற தூரம்தானே?
கேட்கும்.
மணி அடிக்காது.

முதல் வாரம் அறுநூறை மட்டும் அழைத்தேன்.
அறுநூறில் யாரும் இல்லை,
சொன்னதை அரை நொடி கழித்து
நமக்கே திருப்பித் தருகிற எண்.
ஹலோ என்றேன். ஹலோ என்றேன்.
என் குரல் இவ்வளவு கெஞ்சும் என்று
நாற்பத்தாறு வயதுவரை
ஒருவரும் சொன்னதில்லை.

என் கூரையில் ஒரு தட்டு, அவன் பரணில் ஒரு தட்டு.
இரண்டையும் முகம் பார்க்க வைக்க
ஒரு ஞாயிறு போயிற்று, ஒரு ஓடும் உடைந்தது.
சாயங்காலம் இருபத்துமூன்றில் மணி.
எடுத்தான்.
நான் பேசுவது அவனுக்குப் போகிறது,
அவன் பேசுவது எனக்கு வரவில்லை.
போகிறதென்று எப்படித் தெரியும்?
கேட்டால் டார்ச் அடிடா என்று கத்தினேன்.
எதிர்ச்சரிவில் ஒருமுறை மின்னிற்று.

பன்றி விரட்டுகிற டார்ச்.
ஒன்று என்றால் ஆமாம், இரண்டு என்றால் இல்லை.

பதினோரு இரவு இப்படி.
கேள்வியை ஆமாம் இல்லைக்குத் தோதாக
நறுக்கிக் கேட்கப் பழகினேன்.
சாப்பிட்டாயா. ஒன்று.
கேரட் விலை ஏறியதா. இரண்டு, சட்டென்று.
தம்பி வந்தானா. ஒன்று.
நிலத்தைப் பிரிக்கக் கேட்டானா.
வெளிச்சம் அணையாமல் நின்றது,
பிறகு தரையில் இறங்கி
பாத்தி பாத்தியாக மெதுவாக நடந்தது.
அதற்கு நாங்கள் அர்த்தம் பேசி வைக்கவில்லை.

இடையில் ஒரு ராத்திரி
வெளிவாசலைத் தாழிட மறந்துவிட்டேன்.
காலையில் பார்த்தால் பதிவேடு நிறைய அந்நியர்கள்.
எந்த நாட்டு இயந்திரமோ
நூறு, நூற்றொன்று, நூற்றிரண்டு என்று
இல்லாத கதவுகளையெல்லாம்
வரிசையாக முட்டிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறது.
அவனிடம் சொன்னேன்.
உன் வேலிக்கு வருகிறதுதான் இங்கேயும் வந்தது,
மூக்கு மட்டும் வேறே.
டார்ச் குலுங்கியது.
சிரித்திருப்பான்.

பன்னிரண்டாம் இரவு மஞ்சு
பள்ளத்தை விளிம்புவரை நிரப்பிவிட்டது.
கேட்கிறதா என்றேன்.
வெள்ளை.
பெள்ளி, இருக்கியா என்றேன்.
வெள்ளை.

போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தேன்.
இரண்டே காலுக்குக் கிடைத்தது தப்பு, ஒரே வரி.
பதிலை இங்கே அனுப்பு என்று
நான் எழுதிக் கொடுத்திருந்த முகவரி
இந்த வீட்டுச் சுவர்களைத் தாண்டி
யாருக்கும் தெரியாத முகவரி.
இத்தனை நாளும் அவன் பேசியதெல்லாம்
கொடுத்த இடத்துக்குத்தான் போயிருக்கிறது.

மாற்றினேன். அழைத்தேன்.
"ம்."
சளி பிடித்த குரல்.
"கேக்குதா?"
"கேக்குது. உனக்கு?"
"கேக்குது."
"பன்னி?"
"வரல."
அப்புறம் சொல்ல ஒன்றுமில்லை இருவருக்கும்.
அவன் பரணின் தார்ப்பாயில் சொட்டுகிற தண்ணீரை
என் அடுக்களையில் கேட்டுக்கொண்டிருந்தேன்.
மாதம் பூராவும் இதற்குத்தானா
தூக்கம் கெட்டேன் என்று இருந்தது.
இதுவும் நன்றாகத்தான் இருந்தது.

"தம்பி விஷயம்," என்றேன்,
"நிலம் கேட்டானா?"

பதில் இல்லை.
டார்ச்சின் பொத்தான் மட்டும்
காதுக்குள் இரண்டுமுறை சொடுக்கியது.

போட்டு அணைத்தானா,
இல்லை என்றானா?
ஜன்னலைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன்.
வெள்ளை.